ஆரம்பப் பாடசாலையின் எல்லையும் அக்கம்பக்க ஒற்றுமையும்

இன்னின்ன தெருக்களிலுள்ள குழந்தைகள் இன்ன பாடசாலையில் சேரவேண்டும் என்று காகிதத்தில் இடப்படும் கோடே பாடசாலையின் எல்லை எனப்படுவது. கோடு மாறினால் குழந்தை நடக்கும் வழி மாறும், வேறென்ன நஷ்டம் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் அக்கோட்டுடன் மாறுவன பல. சென்னைப் பட்டணத்தின் தென்பகுதியில் நேர்ந்தவற்றைக் கொண்டு இவ்விஷயத்தை விளக்கலாம். பட்டணத்துச் செய்தி கிராமத்தாருக்கு எதற்கு என்று தள்ளிவிடலாகாது. பட்டணத்திலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் வந்து சேர்ந்த ஒக்கியம் துரைப்பாக்கம், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகியவையும் முன்பு கிராமங்களே.

எல்லை சிறிதாயிருப்பதன் பயன்

1904-ம் வருஷத்தில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தபோது, கிராமக் கடன் சங்கத்தின் எல்லை ஒரு கிராமம் அல்லது அடுத்தடுத்த சில கிராமங்களுக்குள் அடங்கியிருப்பது விதியாயிற்று. ஜெர்மனி தேசத்து ராய்பைசன் கண்ட வழி அது. நமது மாகாணத்திற்கு அதனைச் சிபார்சு செய்தவர் பிரடெரிக் நிக்கல்சன். ஒருவர் குணத்தை மற்றொருவர் அறிந்தாலன்றி ஒருவர் கடனுக்கு மற்றொருவர் ஜாமீன் நிற்கமாட்டார் என்பதே அதன் காரணம்.

ஆரம்பப் பாடசாலைக்கும் இந்நியாயம் பொருந்தும். வேலைக்குச் செல்லும் தாய், தன் குழந்தையையும் அழைத்துவருமாறு அண்டைவீட்டாரிடம் சொல்லிச் செல்கிறாள். குழந்தை இரண்டு நாள் வராவிடில், உபாத்தியாயர் அதே தெருப் பிள்ளையிடம் காரணம் விசாரிக்கிறார். பாடசாலை வாசலில் காத்து நிற்கும் பெண்கள் பேசிப் பழகுகின்றனர். அப்பழக்கமே பின்னர் கைமாற்றுக்கும், சீட்டுக்கும், நோய்ப்பட்டவர் வீட்டுக்குத் துணை போவதற்கும் உதவுகிறது. இவை எந்த ரிஜிஸ்தரிலும் பதிவாகாத மூலதனம்.

பிறப்பால் இட்ட எல்லை

எல்லைகள் யாவும் தூரத்தைக் கொண்டு வகுக்கப்பட்டவை அல்ல. பாடசாலை அருகிலிருந்தும், பிறப்பைக் காரணமாகக் காட்டி ஒரு வகுப்பாரின் குழந்தைகள் வெளியே நிறுத்தப்பட்ட காலம் உண்டு. அக்காலத்தில் பஞ்சமர் என்று வழங்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்காகக் கர்னல் ஆல்காட் 1894-ல் அடையாற்றில் ஓர் இலவசப் பாடசாலையைத் தொடங்கினார். பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் முதலிய இடங்களிலும் அத்தகைய பாடசாலைகள் ஏற்பட்டன. பழைய எல்லையை மாற்றுவது சில சமயம் பெரும் நன்மையாகும் என்பதற்கு இது சாட்சி. ஆகவே எந்த எல்லையும் மாறவே கூடாது என்பது நம் வாதமன்று. எப்படி மாறுகிறது, யாரைக் கேட்டு மாறுகிறது என்பதே கேள்வி.

சட்டமும் வட்டமும்

2010 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளின்படி, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பாடசாலை இருக்கவேண்டும். தனியார் பாடசாலைகளில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்பட்ட 25 சதவீத இடங்களுக்கும் இத்தூரமே கணக்கு.

விதி நல்லதே. ஆனால் படத்தில் வட்டம் இடுவது எளிது. வட்டத்திற்குள் நடப்பது குழந்தை. தியாகராய நகரில் வரையும் வட்டம் இருப்புப்பாதையைத் தாண்டி மேற்கு மாம்பலத்திலும் விழும். குழந்தையோ சுரங்கப்பாதையைத் தேடிச் சுற்றிப் போகவேண்டும். அடையாற்றின் கரையிலிருந்து அக்கரையிலுள்ள பாடசாலை கண்ணுக்குத் தெரியும். பாலம் எங்கே உள்ளதோ அதுவே உண்மையான தூரம்.

குடும்பம் ஓரிடம், பாடசாலை ஓரிடம்

கோட்டை நகர்த்துவதினும் கடுமையானது, கோட்டுக்குள் இருந்த ஜனங்களையே நகர்த்துவது. 2000-ம் வருஷம் முதல் நீர்நிலைக் கரைகளில் வசித்த ஏழைக் குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் பல குடும்பங்கள் செம்மஞ்சேரிக்கும், 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து பலர் பெரும்பாக்கத்திற்கும் அனுப்பப்பட்டனர். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேற்பட்ட வீடுகள் உள்ளன. வீடு கிடைத்தது மெய். வெள்ளப் பயம் நீங்கினோர் உண்டென்பதும் மெய். ஆனால் ஒரே தெருவில் வசித்தவர்கள் வெவ்வேறு மாடிகளுக்கும் கட்டிடங்களுக்கும் பிரிந்தனர். பருவத்தின் நடுவே குடிபெயர்ந்த குழந்தைகளில் சிலர் பழைய பாடசாலைக்கே நெடுந்தூரம் பஸ்ஸில் சென்றனர். சிலர் படிப்பையே நிறுத்தினர்.

2022 ஏப்ரல், மே மாதங்களில், ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்ஹாம் கால்வாயோரமிருந்த கோவிந்தசாமி நகர் வீடுகள் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டன. தங்கள் பிழைப்பும் குழந்தைகளின் படிப்பும் இவ்விடத்தில் இருக்கையில், தொலைவிலுள்ள பெரும்பாக்கம் வேண்டாம் என்று ஜனங்கள் கோரினர். ஒருவர் தீக்குளித்து உயிர் துறந்தார். அதன் பின்னரே மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் வீடு அளிக்கப்படும் என்று சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். முன்னரே கேட்டறிந்திருக்கக்கூடிய ஒரு கோரிக்கைக்கு ஓர் உயிர் விலையாயிற்று.

நிர்வாக எல்லை

வேறொரு வகை மாறுதலும் உண்டு. 2011-ல் சென்னைக் கார்ப்பரேஷனின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளின் சர்க்கார் பாடசாலைகளோ உடனே சேரவில்லை. பல ஆண்டுகள் சென்ற பின்னரே 139 பாடசாலைகள் கார்ப்பரேஷனிடம் வந்தன. வார்டு ஒருவரிடமும் பாடசாலை வேறொருவரிடமும் இருக்குமாயின், ஓடு உடைந்தாலும் குழாயில் நீர் வராவிட்டாலும் பெற்றோர் எந்த வாசலில் நிற்பது என்று தெரியாமல் திகைப்பர்.

செய்யத்தக்கவை

1. எல்லை மாற்றுமுன் பாடசாலை மேலாண்மைக் குழுவைக் கூட்டிக் கேட்கவேண்டும். சட்டப்படி அதன் அங்கத்தினரில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். வழியின் ஆபத்தை அறிந்தவர்கள் அவர்களே.

2. தூரத்தைப் படத்தில் அளவாமல், குழந்தையுடன் நடந்து அளக்கவேண்டும்.

3. பரீட்சை முடிந்து கோடை விடுமுறை வரும்வரை மாற்றத்தை நிறுத்திவைக்கவேண்டும்.

4. ஒரு தெருவின் குழந்தைகளைப் பிரிக்காமல் ஒரே பாடசாலையில் சேர்க்கவேண்டும். புதிய குழுவில் வந்தேறிய பெற்றோருக்கும் உடனே இடம் தரவேண்டும்.

5. மாற்றுச் சான்றிதழைத் தலைமை உபாத்தியாயர் தாமதமின்றித் தரக் கடமைப்பட்டவர். அது வரத் தாமதமாயிற்று என்றோ, பள்ளி தொடங்கி மாதங்கள் ஆயின என்றோ புதிய பாடசாலை சேர்க்க மறுக்கலாகாது. இவ்வுரிமையைப் பெற்றோர் அறிந்திருத்தல் மிகவும் அவசியம்.

சங்கத்தின் எல்லையைத் திருத்தவேண்டுமாயின் உபவிதியைத் திருத்தவேண்டும். அதற்குப் பொதுச்சபையைக் கூட்டி அங்கத்தினர் சம்மதத்தைப் பெறவேண்டும். பணத்திற்கு இத்தனை முன்ஜாக்கிரதை வேண்டுமானால், குழந்தைகளுக்கு அதனினும் குறைந்த ஜாக்கிரதை போதுமா? பழைய எல்லை கலைந்த இடத்தில் புதிய நட்பு வளரும். ஆனால் அது தானாக வளர்வதன்று. புதிய குடியிருப்பின் பாடசாலைக் கூட்டத்திற்கு முதல் மாதமே போய் உட்காருங்கள். பக்கத்தில் உட்காருபவர் பெயரைக் கேட்டறியுங்கள். அக்கம்பக்கம் என்பது அங்கிருந்துதான் மறுபடியும் தொடங்கும்.