பெர்க்லியா, யுசிஎல்ஏவா? மூன்றாம் ஆண்டில் இடம் மாறுவோரின் சந்தேகங்களும் விளக்கங்களும்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழக்கம் பழையது. 1960-இல் வகுக்கப்பட்ட உயர்கல்விப் பெருந்திட்டம் இந்த வழியைத் தெளிவாகத் திறந்து வைத்தது. பே ஏரியாவிலும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று இந்த வழியில் போகிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் (யுசிஎல்ஏ) ஆகிய இரண்டு வளாகங்களிலும் இடம் கிடைத்துவிட்டால், வீட்டில் மகிழ்ச்சியோடு குழப்பமும் வந்துவிடுகிறது. அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

கம்யூனிட்டி காலேஜ் வழியாகப் போனால் பட்டத்துக்கு மதிப்புக் குறையுமா? சொந்தக்காரர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

குறையாது. பட்டச் சான்றிதழில் முதலாண்டிலேயே சேர்ந்தவர், இடையில் சேர்ந்தவர் என்ற பாகுபாடு எதுவும் இருக்காது. அதே வகுப்பு, அதே பேராசிரியர், அதே தேர்வு. கம்யூனிட்டி காலேஜில் வாங்கிய மதிப்பெண் பல்கலைக்கழக ஜிபிஏ-வில் சேராது. அங்கே கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆனால் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது எல்லாக் கல்லூரி மதிப்பெண்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

செலவையும் பாருங்கள். மாநிலவாசிக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். மாறுவதற்குத் தேவையான 60 செமஸ்டர் யூனிட்டுக்கு மொத்தம் 2,760 டாலர். இவ்வளவு சிக்கனமாகப் படித்து உலகின் முன்னணிப் பல்கலைக்கழகம் ஒன்றில் நுழையும் பிள்ளையைப் பார்த்து, "நேரடியாக இடம் கிடைக்கவில்லையா?" என்று கேட்பது அநியாயம். அந்தக் கேள்வியை வீட்டுக்குள் நுழைய விடாதீர்கள்.

இரண்டும் ஒரே பல்கலைக்கழகம் என்கிறார்கள், பரம எதிரிகள் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?

இரண்டுமே உண்மை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 10 வளாகங்கள். 1868-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தின் மூத்த வளாகம் பெர்க்லி. 1919-இல் அதன் 'தெற்குக் கிளை'யாகத் தொடங்கியதுதான் இன்றைய யுசிஎல்ஏ. இரண்டுக்கும் நீலமும் பொன்னிறமும்தான் வண்ணம். இரண்டுக்கும் கரடிதான் சின்னம். அண்ணன் தம்பிப் போட்டி என்று வைத்துக்கொள்ளலாம். விளையாட்டில் பெர்க்லியின் முதல் எதிரி பக்கத்து ஸ்டான்ஃபோர்டுதான். நிர்வாகக் குழு ஒன்று, அடிப்படைக் கல்விக் கட்டணமும் ஒன்று, விண்ணப்பப் படிவமும் ஒன்றே. எந்த வளாகம் உயர்வு என்ற வாதத்தை விளையாட்டு மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் இடம் கிடைப்பது சுலபம்?

முதலாண்டில் சேர விண்ணப்பிப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் இந்த இரண்டு வளாகங்களிலும் இடம் கிடைக்கிறது. இடம் மாறி வருபவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கிடைக்கிறது. வளாகத்துக்கு வளாகம் வித்தியாசம் சிறிதுதான். பாடத்துக்குப் பாடம் இருக்கும் வித்தியாசம் மிகப் பெரிது. வரலாறு, மானுடவியல் போன்ற துறைகளுக்கும் கணினி அறிவியலுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறித்த தகுதிகளை நிறைவு செய்யும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் தருகின்றன. பெர்க்லி, யுசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் தருவதில்லை. ஆகவே இந்த ஆறில் ஒன்றை உறுதி செய்துகொண்டு மற்றவற்றுக்கு முயல்வதே புத்திசாலித்தனம்.

யுசிஎல்ஏ-வில் 'டேப்' என்ற ஒரு வழி உண்டு. கம்யூனிட்டி காலேஜின் ஆனர்ஸ் திட்டத்தை முடித்து, அந்தக் கல்லூரியே சான்றளித்தால், கலை அறிவியல் பிரிவுக்கான விண்ணப்பம் முன்னுரிமையோடு பரிசீலிக்கப்படும். பெர்க்லியிலும் 'டேப்' என்ற பெயரில் ஒரு திட்டம் இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டி உதவும் திட்டம். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாந்துவிடக் கூடாது.

என் மகளுக்கு எந்த வளாகம் பொருந்தும் என்று எப்படி முடிவு செய்வது?

தரவரிசைப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, அவள் எடுக்கப்போகும் மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, திறந்து பாருங்கள். இந்தப் பகுதியில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். முதலாண்டில் சேருபவருக்கு நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. சுற்றிப் பார்த்து மனம் மாறலாம். இடம் மாறி வருபவருக்கு இரண்டே ஆண்டுகள். மேஜரில் சேர்ந்த பிறகு வேறொன்றுக்குத் தாவுவது, அதிலும் பொறியியலுக்கோ கணினி அறிவியலுக்கோ தாவுவது, மிகக் கடினம். "முதலில் உள்ளே போய்விடுவோம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே எடுபடாது.

சில வேறுபாடுகள் பளிச்சென்று தெரியும். இளநிலை வணிகப் படிப்பு வேண்டுமென்றால் பெர்க்லியின் ஹாஸ் பள்ளி இருக்கிறது. யுசிஎல்ஏ-வில் அப்படி ஓர் இளநிலை வணிகப் பள்ளி கிடையாது. அங்கே வணிகப் பொருளியல் என்ற மேஜர்தான், அதுவும் பொருளியல் துறையின் கீழ். நர்சிங் இளநிலை யுசிஎல்ஏ-வில் உண்டு, பெர்க்லியில் இல்லை. திரைப்படம் எடுக்கக் கற்க விரும்பும் பிள்ளைக்கு யுசிஎல்ஏ-வின் நாடக, திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளி. வேதியியலுக்கென்றே தனிக் கல்லூரி வைத்திருப்பது பெர்க்லி. கணினி அறிவியல் யுசிஎல்ஏ-வில் பொறியியல் பள்ளிக்குள் இருக்கிறது. பெர்க்லியில் பொறியியல் கல்லூரி வழியாக ஒன்று, 2023-இல் உருவான கணினி, தரவு அறிவியல் கல்லூரி வழியாக இன்னொன்று என இரண்டு வாசல்கள். தமிழ் இலக்கியத்தில் நாட்டம் உள்ள பிள்ளை என்றால், சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஜார்ஜ் ஹார்ட் பணியாற்றிய தமிழ் இருக்கை பெர்க்லியில் இருப்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அடுத்து, 'அசிஸ்ட்' என்ற இணையதளம். மாநிலக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவானது. உங்கள் கம்யூனிட்டி காலேஜையும், போக விரும்பும் வளாகத்தையும், மேஜரையும் தேர்ந்தெடுத்தால் இரண்டு பத்திகளாக ஒரு பட்டியல் வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம். வலப்பக்கம் அதற்கு ஈடாக உங்கள் கல்லூரியில் உள்ள பாடம். சில வரிகளில் வலப்பக்கம் 'இணையான பாடம் இல்லை' என்ற குறிப்பு மட்டும் நிற்கும். அந்த வரிகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பெர்க்லியின் தொடக்கக் கணினிப் பாடங்கள் சிலவற்றுக்குப் பல கல்லூரிகளில் இணையான பாடம் கிடைப்பதில்லை. அப்படி விடுபட்ட பாடங்களைச் சேர்ந்த பிறகு முதல் ஆண்டிலேயே எடுத்துத் தீர்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மேல்நிலைப் பாடங்களைத் தொட முடியும். இரண்டு வளாகத்துக்கும் இந்தப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே இரண்டு ஆண்டில் முடிக்கலாம், எங்கே மூன்றாக நீளும் என்பது ஓரளவு தெளிவாகிவிடும். ஒரு செமஸ்டர் நீண்டால் அதற்கும் கட்டணம், வாடகை, சாப்பாடு உண்டு.

பெர்க்லியில் செமஸ்டர், யுசிஎல்ஏ-வில் குவார்ட்டர். இதில் என்ன பெரிய வித்தியாசம்?

நிறைய இருக்கிறது. பெற்றோர் பெரும்பாலும் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி இது.

யுசிஎல்ஏ-வில் ஒரு குவார்ட்டருக்குப் பத்து வாரப் பாடம், பிறகு தேர்வு வாரம். மூன்றாம் நான்காம் வாரத்திலேயே இடைத்தேர்வு வந்து நிற்கும். இரண்டாம் வாரம் காய்ச்சலில் படுத்தால், எழுந்து பார்க்கும்போது கால் பங்கு பாடம் போயிருக்கும். இதில் நன்மையும் உண்டு: இரண்டு ஆண்டுகளில் ஆறு குவார்ட்டர், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பாடம் என்றால், பெர்க்லியின் நான்கு செமஸ்டரைவிடக் கூடுதல் பாடங்களைச் சுவைத்துப் பார்க்கலாம். பிடிக்காத பாடமும் சீக்கிரம் முடிந்துவிடும்.

பெர்க்லி செமஸ்டரில் பேராசிரியரோடு பழக அவகாசம் அதிகம். மேற்படிப்புக்குப் போக நினைப்பவருக்கு இது முக்கியம். நான்காம் ஆண்டு டிசம்பரில் விண்ணப்பிக்கும்போது பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதற்குள் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பேராசிரியர் இரண்டு மூன்று பேராவது இருக்க வேண்டும். முதலாண்டிலிருந்தே படித்தவருக்கு இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடைத்திருக்கும், உங்களுக்கு ஓர் ஆண்டுக்குச் சற்று மேல்தான்.

கோடைப் பயிற்சி வேலையிலும் வித்தியாசம் உண்டு. பெர்க்லி ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி மே நடுவில் முடியும். யுசிஎல்ஏ செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஜூன் நடுவரை போகும். பெரிய நிறுவனங்கள் அடுத்த கோடைக்கான ஆள் தேர்வை முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடுகின்றன. வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே, புதிய இடத்தின் மதிப்பெண் ஒன்றுகூட இல்லாத ரெஸ்யூமேயோடு, அந்த வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். இது இரண்டு வளாகத்துக்கும் பொது. கம்யூனிட்டி காலேஜில் செய்த ப்ராஜெக்டுகளை அப்போதே ஒழுங்குபடுத்தி வைத்துக்கொள்வது நல்லது.

டி ஆன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகளில் படித்தவர்களுக்குக் குவார்ட்டர் ஓட்டம் ஏற்கெனவே பழக்கம். மற்ற கல்லூரிகளில் பெரும்பாலும் செமஸ்டர்தான். முதல் பருவத்தில் மதிப்பெண் சற்று இறங்குவது இடம் மாறுபவர்களுக்கு இயல்பு. அந்த நேரத்தில் பிள்ளையைத் திட்டாமல் இருப்பதே பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி.

கட்டணம்? நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம்.

கல்விக் கட்டணத்தில் இரண்டு வளாகமும் ஏறத்தாழ ஒன்றே. மாநிலவாசியா, இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாநிலவாசி அல்லாதவர் ஆண்டுக்கு 37,000 டாலருக்கு மேல் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். எச்-1பி வைத்திருப்பவரின் பிள்ளை எச்-4 விசாவில் இருந்தால், மாநிலவாசித் தகுதி கோர முடியும். ஓராண்டுக்கு மேல் மாநிலத்தில் தொடர்ந்து வசித்ததையும், இங்கேயே நிலைத்திருக்கும் நோக்கத்தையும் ஆவணங்களோடு நிறுவ வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. 21 வயதானால் எச்-4 தகுதி போய்விடும் என்பதால், இடம் மாறும் வயதில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் குடியேற்ற வழக்கறிஞரை முன்கூட்டியே பார்ப்பது அவசியம். இதைத் தள்ளிப் போட்டால் இழப்பு பல்லாயிரம் டாலர்.

தங்குமிடம் எங்கே சுலபம்?

இரண்டு ஊரிலும் வெளி வாடகை கண்ணைக் கட்டும். யுசிஎல்ஏ 2022 முதல், உரிய தேதிக்குள் விண்ணப்பிக்கும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு இரண்டு ஆண்டு விடுதி உறுதி என்கிறது. பெர்க்லி 2024-இல் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கென்றே ஆங்கர் ஹவுஸ் என்ற கட்டடத்தைத் திறந்தது; 772 பேர் தங்கலாம், வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. தேதியைத் தவறவிட்டால் இரண்டு இடத்திலும் தெருத் தெருவாக அலைய வேண்டியதுதான். பெற்றோர் வீடு பக்கத்தில் இருந்தாலும் முதல் ஆண்டாவது விடுதியில் விடுங்கள். ஏற்கெனவே நட்பு வட்டம் அமைத்துக்கொண்ட வகுப்பில் புதிதாக நுழையும் பிள்ளைக்கு அது தேவை.

தமிழ்நாட்டுக் கல்லூரியில் இரண்டு ஆண்டு முடித்துவிட்டு நேரே மூன்றாம் ஆண்டுக்குப் போகலாமா?

விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் முதல் உரிமை கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கே. இடம் மாறிச் சேருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அவர்கள்தான். நம் பாடத்திட்டத்தோடு பல்கலைக்கழகத்தின் பாடங்களைப் பொருத்துவதும் சிரமம். ஏஜென்ட் யாராவது "நிச்சயம் வாங்கித் தருகிறேன்" என்றால் நம்பாதீர்கள்.

இரண்டிலும் இடம் கிடைத்தால் இரண்டுக்கும் முன்பணம் கட்டி வைக்கலாமா?

கூடாது. ஒரே பல்கலைக்கழகம் என்பதால் ஒரு வளாகத்துக்கு மட்டுமே சம்மதம் தர வேண்டும். கடைசி நாள் ஜூன் 1. ஏப்ரல் இறுதிக்குள் முடிவுகள் வந்துவிடுவதால், கையில் ஒரு மாதம் இருக்கிறது. அந்த மாதத்தில் இரண்டு வளாகத்துக்கும் போய், துறை அலுவலகத்தில் படிப்பு ஆலோசகரைப் பார்த்து, "எனக்கு மீதமுள்ள பாடங்கள் எவை, இரண்டு ஆண்டில் முடியுமா?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிடைத்திருக்கும் இடம் நிபந்தனைக்கு உட்பட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும். கம்யூனிட்டி காலேஜின் கடைசிப் பருவத்தில் ஒப்புக்கொண்ட பாடம் ஒன்றை விட்டாலோ, அதில் தேறாமல் போனாலோ, கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு. பாடத்தை மாற்றியாக வேண்டிய கட்டாயம் வந்தால், மாற்றுவதற்கு முன்பே அட்மிஷன் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.