உங்களுக்குத் தெரியுமா? குண்டுப் பூனையைப் பட்டினி போட்டால் உயிருக்கே ஆபத்து!

குண்டான பூனை இரண்டு மூன்று நாள் எதுவும் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு தேங்கிவிடும். கவனிக்காவிட்டால் செத்தும் போகும். இளைக்க வைக்கிறேன் என்று தீனியை அடியோடு நிறுத்தாதீர்கள்.

• வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் குறைந்தால் போதும். 6 கிலோ பூனைக்கு 60 கிராம்தான்!

• முதுகை ஒட்டி இரு பக்கமும் லேசாகத் தடவுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் எடை சரி.

• கருத்தடை செய்த பூனைக்குத் தீனி குறைவாகவே தேவை. வில்லியனூர், பாகூர் கிராமங்களில் ஒரே பூனைக்கு நாலு வீட்டில் சாப்பாடு கிடைக்கும். அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லி வையுங்கள்.

• சோற்றைக் குறைத்து, உப்பில்லாமல் அவித்த மீனைக் கொஞ்சம் கூட்டலாம். அளவைக் குரும்பாபேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள்.