டி.எஸ்.எல்.ஆர் காலம் முடிஞ்சுடுச்சா? மிரர்லெஸ்ஸுக்கு எப்போ மாறணும்?

ஸ்ரீமுஷ்ணத்துல இருந்து பேசுறேன். இந்தப் பக்கம் கல்யாண போட்டோ எடுக்குற தம்பிகள் என்கிட்ட அதிகமா கேக்குற கேள்வி இதுதான்: "அண்ணே, டி.எஸ்.எல்.ஆரை வித்துட்டு மிரர்லெஸ் வாங்கிடலாமா? இப்போ விக்கலைன்னா அப்புறம் விலைக்கே போகாதுன்னு சொல்றாங்களே?"

சாதாரண கேள்வி இல்ல இது. சின்ன ஊர்ல ஒரு ஸ்டூடியோ ஓடுறதே தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களை நம்பித்தான். ஆடியிலயும் மார்கழியிலயும் வேலை இருக்காது, ஆனா கேமராவுக்கு வாங்கின கடனோட தவணை மாசாமாசம் வந்துடும். அதனால விளம்பரம் என்ன சொல்லுதுங்கறதை விட்டுட்டு, விஷயத்தை முதல்ல இருந்து பார்த்துடுவோம்.

கண்ணாடி என்ன வேலை செய்யுது?

டி.எஸ்.எல்.ஆருக்குள்ள, சென்சாருக்கு முன்னாடி ஒரு கண்ணாடி சாய்வா நிக்கும். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை அது மேல திருப்பி, ப்ரிஸம் வழியா நம்ம கண்ணுக்கு அனுப்பும். கொஞ்சம் வெளிச்சம் கீழே இருக்கிற தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகும். பட்டனை அமுக்கினா கண்ணாடி மேல எழும்பும், ஷட்டர் திறக்கும், படம் பதிவாகும்.

மிரர்லெஸ்ல இந்தக் கண்ணாடி கிடையாது. வெளிச்சம் நேரா சென்சார்ல விழுது. வ்யூஃபைண்டர்ல நாம பார்க்குறது ஒரு குட்டித் திரையில ஓடுற படம். ஃபோகஸையும் அந்த சென்சாரே பார்த்துக்குது. அதனால ஃப்ரேமோட ஓரத்துல இருக்குற முகத்தைக்கூட, கண்ணைக்கூட, கேமரா தானா பிடிச்சுத் தொடரும். படம் இருட்டா வருமா, வெளுத்துப் போகுமாங்கறதும் எடுக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

ஆனா படத்தோட தரம்? நிக்கான் டி850-ஐயும் இசட்7-ஐயும் பக்கத்துல வைங்க. முதலாவது டி.எஸ்.எல்.ஆர், ரெண்டாவது மிரர்லெஸ். ரெண்டுமே 45.7 மெகாபிக்ஸல். ஆல்பத்துல அச்சடிச்சுக் கொடுத்தா எது எதுல எடுத்ததுன்னு பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு மட்டும் இல்ல, நமக்கே தெரியாது.

கம்பெனிகள் முடிவு பண்ணிட்டாங்க

தொழிற்சாலை அளவுல இந்தக் கேள்விக்குப் பதில் வந்தாச்சு. 2008-ல பானாசோனிக் ஜி1 வந்தப்போ மிரர்லெஸ்ஸை யாரும் பெருசா எடுத்துக்கல. 2013-ல சோனி ஏ7 ஃபுல் ஃப்ரேம் சென்சாரோட வந்தது. 2018-ல நிக்கானும் கேனனும் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்குன்னே புது மவுன்ட் கொண்டு வந்தாங்க. 2020-ல உலக அளவுல கேமரா கம்பெனிகள் அனுப்பின எண்ணிக்கையில முதல் தடவையா மிரர்லெஸ் முந்தியது: சுமார் 29 லட்சம் மிரர்லெஸ், சுமார் 24 லட்சம் டி.எஸ்.எல்.ஆர். அதே வருஷம் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் புகைப்படக்காரர்களுக்கு சோனி மிரர்லெஸ் கொடுக்க முடிவு செய்தது.

2021 கடைசியில, 1டி எக்ஸ் மார்க் 3 தான் தங்களோட கடைசி முதன்மை டி.எஸ்.எல்.ஆர்னு கேனன் தலைவரே சொல்லிட்டார். கேனன், நிக்கான் ரெண்டு பேரோட கடைசி டி.எஸ்.எல்.ஆர் மாடல்களும் 2020-ல வந்தவைதான். பென்டாக்ஸ் மட்டும் இன்னும் கண்ணாடியை விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கு.

ஆக, புது டி.எஸ்.எல்.ஆருக்காகக் காத்திருக்கறதுல அர்த்தம் இல்ல. ஆனா கம்பெனி புதுசா செய்யறதை நிறுத்தினா, உங்க கையில இருக்குற கேமரா அன்னைக்கே வேலையை நிறுத்திடாது. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதுலதான் பணம் வீணாகுது.

நம்ம வேலையில எங்க வித்தியாசம் தெரியும்?

முதல்ல வீடியோ. ஒரே ஆள் போட்டோவும் வீடியோவும் எடுக்குற வேலைன்னா மிரர்லெஸ்தான் சௌகரியம். டி.எஸ்.எல்.ஆர்ல வீடியோ ஓடும்போது கண்ணாடி மேலேயே நிக்கணும், அதனால வ்யூஃபைண்டர் இருட்டாகிடும். பழைய மாடல்கள்ல ஃபோகஸும் தடுமாறும்.

ரெண்டாவது சத்தம். தாலி கட்டுற நேரத்துல நாதஸ்வரமும் கெட்டிமேளமும் இருக்கு, ஷட்டர் சத்தம் யாருக்கும் கேக்காது. ஆனா கச்சேரி மேடைக்கோ, பூவராகர் கோயில் மாதிரி ஒரு இடத்துல அனுமதி வாங்கி அமைதியா எடுக்குற வேலைக்கோ எலக்ட்ரானிக் ஷட்டர் பெரிய வரம். ஒரு எச்சரிக்கை: விலை குறைஞ்ச மிரர்லெஸ்ல எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டா, எல்.இ.டி விளக்கு, எல்.இ.டி திரை இருக்குற மேடையில படத்துல கோடு கோடா விழலாம். பெரும்பாலான மாடல்கள்ல ஃபிளாஷும் அடிக்காது. மண்டபத்துல மெக்கானிக்கல் ஷட்டரே போதும்.

மூணாவது பேட்டரி. ஜப்பான் கேமரா சங்கத்தோட சோதனைக் கணக்குப்படி, டி850 ஒரு சார்ஜுக்கு 1,840 படம். இசட்7 வெறும் 330. உண்மையான வேலையில மிரர்லெஸ் இதைவிட நிறையவே எடுக்கும். ஆனாலும் மாசி மகத்துக்குப் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போறப்போ கூடவே போய் நாள் முழுக்க எடுக்கணும்னா, மூணு பேட்டரியாவது பையில இருக்கணும். மிரர்லெஸ் விலையோட அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. இன்னொரு பக்கம், அதே நாள்ல தோள் வலி குறையும். டி850 ஒரு கிலோ, இசட்7 675 கிராம்.

நாலாவது தூசி. கண்ணாடி இல்லாததால, லென்ஸைக் கழட்டினா பல மாடல்கள்ல சென்சார் அப்படியே வெளியே தெரியும். ஹோமப் புகைக்கும் தெருப் புழுதிக்கும் நடுவுல லென்ஸ் மாத்துறவங்க ஜாக்கிரதையா இருக்கணும்.

எந்த வித்தியாசமும் தெரியாத வேலையும் இருக்கு. பக்கத்துல விருத்தாசலத்துல செராமிக் பொம்மை, அகல் விளக்கு செய்யறவங்களுக்கு விற்பனைக்குப் படம் எடுத்துக் கொடுக்கறீங்களா? பொருள் நகராது, கேமரா டிரைபாட்ல நிக்கும். அங்க பளபளப்பைக் கட்டுப்படுத்துற வெளிச்சம்தான் முக்கியம். பத்து வருஷப் பழைய டி.எஸ்.எல்.ஆர் தாராளமாப் போதும்.

பாடியை விட லென்ஸ்தான் கணக்கு

கண்ணாடிக்கு இடம் தேவையில்லாததால, மிரர்லெஸ்ல லென்ஸ் மவுன்டுக்கும் சென்சாருக்கும் நடுவுல தூரம் குறைவு. நிக்கான் எஃப் மவுன்ட்ல 46.5 மில்லிமீட்டர், இசட்ல 16. கேனன் இ.எஃப்ல 44, ஆர்.எஃப்ல 20. அந்த இடைவெளியில ஒரு அடாப்டரை மாட்டிப் பழைய லென்ஸைப் புது பாடியில போட்டுடலாம். திருப்பிச் செய்ய முடியாது, ஆர்.எஃப் லென்ஸ் டி.எஸ்.எல்.ஆர்ல வேலை செய்யாது.

கேனன் இ.எஃப் லென்ஸ் வச்சிருக்கவங்களுக்குக் கவலை இல்ல, அடாப்டர்ல ஆட்டோஃபோகஸ் நல்லாவே ஓடும். நிக்கான்காரங்க ஒண்ணு கவனிக்கணும். நம்மூர்ல நிறைய பேர்கிட்ட இருக்குற 50 மில்லிமீட்டர் 1.8 டி மாதிரி லென்ஸ்களுக்குள்ள மோட்டார் கிடையாது. நிக்கானோட அடாப்டர்லயும் கிடையாது. அதனால அந்த லென்ஸ்களைக் கையாலதான் ஃபோகஸ் பண்ணணும்.

என் கருத்து

முதல் கேமரா வாங்கறவங்க மிரர்லெஸ்ஸே வாங்குங்க. பட்ஜெட் ரொம்பக் கம்மின்னா, நல்ல நிலையில இருக்குற பழைய டி.எஸ்.எல்.ஆரை ஷட்டர் எண்ணிக்கை பார்த்து வாங்குங்க. அதுல தொழில் கத்துக்கலாம், சம்பாதிக்கவும் செய்யலாம்.

ஏற்கெனவே டி.எஸ்.எல்.ஆர்ல சம்பாதிக்கறவங்க விலை விழுந்துடும்ங்கற பயத்துல அவசரமா விக்காதீங்க. அந்த விலை ஏற்கெனவே விழுந்தாச்சு. இனி அதுல வர்ற ஒவ்வொரு ஆர்டரும் லாபம்தான். பழைய மவுன்டுக்குப் புது லென்ஸ் வாங்கறதை மட்டும் நிறுத்துங்க.

மாறவேண்டிய நேரம் எது? வீடியோவுக்கோ சத்தமில்லாத வேலைக்கோ வர்ற ஆர்டரை உங்க கேமராவால எடுக்க முடியாம விடுறீங்கன்னா, அதுதான். அப்படி விட்டுப்போற ஆர்டர் ஒரு வருஷத்துல எத்தனைன்னு நோட்டுல எழுதுங்க. அந்தத் தொகை தவணையைவிடப் பெருசா இருந்தா வாங்குங்க. இல்லன்னா இந்த ஆவணியையும் பழைய கேமராவுலயே எடுத்து முடிங்க.

அடுத்த எபிசோடுல, பழைய கேமரா வாங்கும்போது என்னென்ன சோதிக்கணும்னு பார்ப்போம்.