பாரம் குறைந்தது, நோ குறையவில்லை



ஆலயத்தில் அன்னதான வரிசையில் நிற்கும்போது, "டொக்டர், ஒரு சின்ன விசயம்" என்று மெல்லத் தொடங்குவோர் பலர். அந்தச் சின்ன விசயம் பெரும்பாலும் தோள்மூட்டு நோவாக, நாரி நோவாக, இரவில் விரல்கள் விறைப்பதாக, அல்லது மாடிப்படி ஏறும்போது வரும் இளைப்பாக இருக்கும். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டால் வியப்போடு பார்ப்பார்கள். இக்கேள்வி என் கண்டுபிடிப்பன்று. 1700ஆம் ஆண்டிலே பெர்னார்டினோ ரமசீனி என்னும் இத்தாலிய வைத்தியர் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, நோயாளியிடம் அவரது தொழிலையும் கேட்கவேண்டும் என்று ஏனைய வைத்தியர்களுக்கு அறிவுறுத்தினார்.

1980களில் இந்நாட்டுக்கு வந்த எம்மவரிற் பலர் வடக்கே பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளிலேதான் முதற் சம்பளத்தைக் கண்டனர். அக்காலத்திலேயே அங்கு இயந்திரம் வந்துவிட்டது. மீனைப் பிளந்து, நடுமுள்ளை நீக்கி, சதையைத் துண்டமாகத் தருவது இயந்திரத்தின் வேலை. அத்துண்டத்தை அடியில் விளக்கு எரியும் மேசைமேல் வைத்து, எஞ்சிய முள்ளையும் புழுவையும் கத்தியால் எடுப்பது மனிதரின் வேலை. அதாவது, பாரமான பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அதனாற் செய்ய முடியாத சின்னஞ்சிறு அசைவு மட்டும் எமது மணிக்கட்டுக்கு மிஞ்சியது. குளிரிலும் ஈரத்திலும் நின்றபடி, பட்டி நகரும் வேகத்துக்கு ஈடுகொடுத்து, ஒரே அசைவை நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்தால் தசைநாண் வீங்குவதும், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதும் எதிர்பார்க்க வேண்டியவையே. பிற்காலத்தில் ஊடுகதிரால் முள்ளைக் கண்டறிந்து நீர்த்தாரையால் வெட்டும் இயந்திரங்கள் ஐஸ்லாந்திலிருந்து வந்தன. மணிக்கட்டு பிழைத்தது. ஆனால் அந்த மேசையில் நின்றவர்களின் வேலையும் குறைந்தது.

வடக்கே ஆலைகள் பல மூடப்பட, ஒஸ்லோப் பக்கம் வந்தவர்களுக்குக் கைகொடுத்தது துப்புரவு வேலை. முன்பு வாளி நிறையத் தண்ணீரைச் சுமந்து, கனத்த துணியைப் பிழிந்து, குனிந்து துடைத்தார்கள். இன்று நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தடியும், முன்கூட்டியே ஈரமாக்கிய நுண்ணிழைத் துணியும் உண்டு. உடலுக்கு இது பெரிய நன்மை, சந்தேகமில்லை. ஆனால் கருவி இலேசானதும் ஒருவருக்கு ஒதுக்கப்படும் தளத்தின் பரப்பளவு கூடிவிடுகிறது. ஒப்பந்தத்தைக் குறைந்த விலைக்குக் கேட்கும் கொம்பனி, அந்தக் குறைவைப் பெரும்பாலும் நிமிடங்களிலேதான் ஈடுசெய்கிறது.

கண்ணுக்குத் தெரியாத தீங்கு ஒன்றும் உண்டு. அதுதான் விசிறித் தெளிக்கும் மருந்து. பேர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 6,000க்கு மேற்பட்டோரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வயது ஏற ஏற, ஒரு விநாடியில் வெளிவிடக்கூடிய மூச்சின் அளவு எல்லோருக்கும் குறையும். துப்புரவை ஒரு வேலையாகச் செய்த பெண்களுக்கு அது ஆண்டுக்கு 3.9 மில்லிலீற்றர் மேலதிகமாகக் குறைந்தது. வீட்டைத் தாமே துப்புரவு செய்த பெண்களுக்கு 3.6 மில்லிலீற்றர். ஆண்டுக்கணக்கில் அற்பமாகத் தோன்றும். இருபது ஆண்டுகள் வேலைசெய்து, சிறுவயதிலிருந்தே தொய்வும் உள்ள ஒருவருக்கு அற்பமன்று. ஆகவே மருந்தைக் காற்றில் விசிறாமல் துணியில் ஊற்றித் துடையுங்கள். அநேகமான இடங்களுக்கு வெறும் தண்ணீரும் நுண்ணிழைத் துணியுமே போதும். குளோரின் திரவத்தையும் கழிவறைக்குரிய அமிலத்தையும் ஒருபோதும் கலக்கவேண்டாம். எழுவது நச்சு வாயு. வீட்டுக்கும் இதே விதிதான், முக்கியமாகத் தைப்பொங்கலுக்கு முதல்நாள்!

எமது லோறென்ஸ்கூக்கையே எடுத்துக்கொள்வோம். 2008இல் திறக்கப்பட்ட ஆக்கெர்ஷூஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையின் புதிய கட்டடத்தில், துணிகளையும் உணவையும் சாரதியில்லா வண்டிகள் இழுத்துச் செல்கின்றன. றொப்ஸ்றூட்டில் 2010இல் திறக்கப்பட்ட பெரிய தபால் நிலையத்தில் கடிதங்களை இயந்திரம் பிரிக்கிறது. ஆனால் கடிதம் குறைந்து பொதி பெருகிய காலம் இது. பொதியைத் தூக்குவதும், வயோதிபரைக் கட்டிலில் திருப்பிவிடுவதும் பெரும்பாலும் இன்னமும் மனிதக் கைகளே. பராமரிப்பு இல்லங்களில் நோயாளியைத் தூக்கும் கருவி இருந்தும், "அதைக் கொண்டுவர நேரமில்லை" என்று தனியாகத் தூக்கி நாரியை முறித்துக்கொண்டவர்களை நான் அறிவேன். களஞ்சியங்களிலோ காதிற் பொருத்திய கருவி அடுத்த தட்டின் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பழைய மேற்பார்வையாளர் இடைக்கிடை கோப்பி குடிக்கப் போவார். இந்தக் கருவி போவதில்லை.

இந்நாட்டுச் சட்டம் இதை அறியாததன்று. 1977ஆம் ஆண்டின் தொழிற்சூழற் சட்டமே, ஒரே மாதிரியான வேலையையும் இயந்திரத்தின் வேகத்துக்குக் கட்டுண்ட வேலையையும் தவிர்க்க வேண்டும் என்று எழுதிவைத்தது. இப்போதுள்ள 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நோய் வேலையால் வந்திருக்கலாம் என்று வைத்தியர் சந்தேகித்தாலே தொழிற் கண்காணிப்புத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். உங்கள் சம்மதமின்றி அவர் முதலாளிக்கு அறிவிக்க மாட்டார்; அந்தப் பயம் வேண்டாம்.

எம்மவர் பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று உண்டு. இரசாயனத்தால் வந்த தொய்வு, தோல் அழற்சி, இரைச்சலால் வந்த செவிட்டுத்தன்மை போன்றவை தொழில் நோயாக ஏற்கப்படக்கூடும். ஆனால் ஆண்டுக்கணக்கான உழைப்பால் தேய்ந்த தோளும் நாரியும் பொதுவாக அந்த வகையிற் சேர்க்கப்படுவதில்லை. எம்மவரின் நோக்களிற் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. இது நியாயம் என்று நான் கருதவில்லை. ஆனால் "பென்சன் மட்டும் பொறுத்துக்கொள்வோம், பிறகு நட்டஈடு எடுப்போம்" என்று பல்லைக் கடித்திருப்பவர், ஈற்றில் வெறுங்கையோடு நிற்க நேரும். நோ தொடங்கும்போதே சொல்வதுதான் ஒரே வழி. வேலையை உங்கள் உடல்நிலைக்கேற்ப மாற்றித் தர இயன்றவரை முயல்வது முதலாளியின் சட்டக் கடமை. சுகவீன விடுப்பையும் முழுமையாக எடுக்கவேண்டும் என்பதில்லை. பாதி நாள் வேலை, பாதி நாள் ஓய்வு என்றும் வைத்தியர் எழுதலாம்.

வைத்தியரிடம் போகுமுன் மூன்று விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நோ எப்போது தொடங்கியது, விடுமுறையில் குறைகிறதா, எந்த மருந்தைப் பாவிக்கிறீர்கள். மருந்துப் போத்தலைக் கைத்தொலைபேசியிற் படம் எடுத்தால் இன்னும் நல்லது. மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையைக் கூட்டிச்செல்ல வேண்டாம். தகப்பன் பிள்ளைக்கு முன்னால் தன் நோவைப் பாதியாகத்தான் சொல்வார்.

இன்னுமொன்று. வேலைத்தலங்களில் தொழிலாளர் தாமே தெரிவுசெய்யும் பாதுகாப்புப் பிரதிநிதி, அதாவது வேர்னெஓம்பூட், உடனடி ஆபத்தென்றால் வேலையையே நிறுத்திவைக்கும் அதிகாரம் உடையவர். முன்பு பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் இவர் இல்லாமலே உடன்பட்டுக்கொள்ளலாம். 2024 ஜனவரியிலிருந்து அந்த எல்லை ஐந்தாகக் குறைக்கப்பட்டுள்ளது. எம்மவர் நிறைந்த வேலைத்தலங்களிலும் இப்பொறுப்புக்கு எம்மவர் முன்வருவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். இதற்குரிய பயிற்சி வழக்கமாக 40 மணித்தியாலம். செலவு முதலாளியுடையது, அந்த நேரத்துக்குச் சம்பளமும் உண்டு.