குரைக்காத நாய்க்கும் வலிக்கும்!

கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், காப்பகக் கூண்டின் மூலையில் சுருண்டு கிடக்கிறது ஒரு தெருநாய். குரைக்கவில்லை, முனகவில்லை. 'சமர்த்தா படுத்திருக்கு' என்று சொல்லிவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார்கள். சிக்கலே அங்கேதான்!

வீட்டு நாய்க்கு வலித்தால் வளர்ப்பவரைத் தேடி வரும். தெருநாய்க்குக் காப்பகத்தில் யாரைத் தெரியும்? பயத்தில் வலியை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அதிலும் பெண் நாய்க்கு வயிற்றைத் திறந்து சினைப்பையை எடுக்கிறார்கள். ஆண் நாயைவிட வலி அதிகம்.

'வலி இருந்தால்தான் ஓடாமல் கிடக்கும், தையல் பிரியாது' என்றொரு பழைய நம்பிக்கை உண்டு. தவறு. வலியுள்ள நாய் சரியாகச் சாப்பிடாது, தூங்காது, காயத்தையே நக்கும், கடிக்கும். தையல் பிரிவது அப்படித்தான்.

சரி, பேசாத ஜீவனின் வலியை எப்படி அளப்பது? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இதற்காகவே ஒரு மதிப்பெண் முறை உருவாக்கியிருக்கிறார்கள். முனகுகிறதா, காயத்தைத் திரும்பிப் பார்க்கிறதா, நடக்கும்போது விறைப்பாக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். காயத்தைச் சுற்றி 2 அங்குலம் தள்ளி மெல்ல அழுத்தும்போது வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மொத்தம் 24 மதிப்பெண். 6 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிநிவாரணி தேவையா என்று மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். சில நிமிட வேலைதான். சோறு வைக்கும் ஊழியருக்குக்கூடக் கற்றுக்கொடுக்கலாம். நாய்களை அதிக நேரம் பார்ப்பவர் அவர்தானே?

வலி வந்தபிறகு விரட்டுவதைவிட, வருமுன் தடுப்பது சுலபம். கத்தி வைக்கும் முன்பே வலிநிவாரணி ஊசி, கீறும் இடத்தில் லிக்னோகெயின் போன்ற மரத்துப்போகும் மருந்து, அடுத்த சில நாள்களுக்கு மெலாக்சிகாம். இவையெல்லாம் எட்டாத விலையில்லை. ஆனால் நீர்ச்சத்து குறைந்த நாய்க்கு மெலாக்சிகாம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் எடை பார்த்து, உடல்நிலை பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும்.

சிகிச்சை முடிந்த நாயை, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடவேண்டும் என்கிறது 2023 கருத்தடை விதி. தெருவுக்குப் போனபின் மாத்திரை கொடுக்க ஆள் கிடையாது. கூண்டில் இருக்கும் அந்தச் சில நாள்கள்தான் அதற்குக் கிடைக்கும் மொத்த கவனிப்பும்.

உங்கள் தெருவுக்குத் திரும்பிய நாய், காதில் வெட்டு அடையாளத்தோடு சாப்பிடாமல் படுத்தே கிடந்தாலோ, தையல் வீங்கியிருந்தாலோ, கால்நடை மருத்துவருக்கோ காப்பகத்துக்கோ சொல்லுங்கள். பாவமாக இருக்கிறதே என்று வீட்டிலிருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரையைப் பாலில் கலந்து வைத்துவிடாதீர்கள். நாயின் குடலில் புண்ணாகும், சிறுநீரகமே செயலிழக்கலாம்.