யாருமில்லாத அறையில் ஒரு குரல்

உங்கள் உள்ளங்காலை நீங்களே வருடிப் பாருங்கள். கூச்சம் அவ்வளவாகத் தெரியாது. அதையே தம்பி செய்தால் துள்ளிக் குதிப்பீர்கள்! ஏன்? நம் கை செய்யப்போவதை மூளை முன்கூட்டியே கணித்து, அந்த உணர்ச்சியைத் தணித்துவிடுகிறது.

நாம் மனத்துக்குள் பேசிக்கொள்ளும்போதும் இத்தகைய கணிப்பு நடைபெறுகிறது. சைக்கோசிஸ் என்னும் மனநோய் நிலையில் இது பிசகுவதால், சொந்த எண்ணமே பிறர் குரலாகக் கேட்கிறது என்பது அறிவியலார் தரும் ஒரு விளக்கம். பொய்யான நம்பிக்கைகளும் அசைக்க முடியாத உண்மையாகத் தோன்றும். எண்ணங்கள் கோவையிழக்க, பேச்சும் தடம் மாறும்.

அமெரிக்கக் கணித மேதை ஜான் நாஷ் 1959-இல் இந்நிலைக்கு ஆளானார். வேற்றுலகச் செய்திகள் தமக்கு வருவதாக நம்பினார். "கணிதம் கற்றவர் இதை எப்படி நம்பலாம்?" என்று கேட்டார் ஒரு நண்பர். கணிதக் கருத்துகள் தோன்றிய வழியிலேயே இவையும் தோன்றின என்றாராம் நாஷ்!

ஆகவே, வாதாடி இந்நோயைத் தீர்க்க முடியாது. மருந்தும் அன்பான ஆதரவும் உதவும்; விரைவில் தொடங்கினால் பலன் மிகுதி. நாஷ் பல்லாண்டுகளுக்குப் பின் தெளிவு பெற்றார். நோய்க்கு முன் செய்த ஆய்வுக்காக 1994-இல் நோபல் பரிசும் பெற்றார்.

வகுப்புத் தோழர் ஒருவர் இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி, அவர் மருத்துவரைக் காண உதவுங்கள்.