உங்களுக்குத் தெரியுமா? ஆசான் பெயரே தன் பெயராய்

ஆங்கிலேயரின் கைதுக்குத் தப்பி 1908-இல் புதுச்சேரிக்கு வந்த பாரதியார், 10 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார். உள்ளூர்த் தமிழாசிரியர் கனக சுப்புரத்தினம், ஒரு திருமண வீட்டில் பாரதியார் பாடலைப் பாடினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாரதியாரும் ஒருவர் என்பது அவருக்கு அப்போது தெரியாது! அன்று தொடங்கிய பழக்கம், பழைய நடையில் எழுதியவரை எளிய தமிழுக்குத் திருப்பியது. சாதி வேற்றுமையை வெறுக்கவும் வைத்தது. அவர்தான் பாரதியாரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்ட பாரதிதாசன். பிற்காலத்தில் பெரியார் வழியில் நாத்திகரானார். பாரதியாரோ சக்தியை வழிபட்டவர். ஆனாலும் பாரதிதாசன் என்ற பெயரை இவர் விடவேயில்லை. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. பாரதிதாசன் மீது பற்றுக்கொண்ட இராசகோபாலன் என்ற இளைஞரோ ‘சுப்புரத்தினதாசன்’ ஆனார். அதன் சுருக்கமே ‘சுரதா’. ஆம், உவமைக் கவிஞர் சுரதாதான்!